காரங்காடு அலையாத்திக் காடு: பச்சை கூடினால் உயிர்த்திரள் கூடியதாகுமா?

வணக்கம் நண்பரே. இராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டின் 1990 மே மாத லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தையும் 2020 ஜனவரிப் படத்தையும் ஒப்பிட்டு, தாவரக் குறியீடு (படத்தில் தெரியும் பச்சையின் அளவு) உயர்ந்திருப்பதால் உயிர்த்திரள் (மரஞ்செடிகளின் மொத்த எடை) பெருகிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

இராமநாதபுரம் கரைக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஜனவரியில் தரிசில்கூடப் புல் முளைத்திருக்கும். மே மாதத்தில் எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரே பருவத்துப் படங்களை ஆண்டுவாரியாக எடுங்கள். லேண்ட்சாட் 5 படங்கள் 1984 முதல் கிடைக்கின்றன. அவற்றை லேண்ட்சாட் 8 படங்களுடன் சேர்க்கும்போது இரண்டின் கருவிகளுக்கும் உள்ள அலைவரிசை வேறுபாட்டைச் சரிசெய்யுங்கள்.

எனக்குப் பெரிய கவலை சீமைக்கருவேலம். படத்தின் ஒரு 30 மீட்டர் கட்டத்துக்குள் அதுவும் அலையாத்தியும் கலந்துவிட்டால் இரண்டும் ஒரே பச்சைதான். சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு வெட்டினால் குறியீடு சட்டென்று சரியும். அடிக்கட்டை துளிர்த்ததும் மீண்டும் ஏறும். முதலில் இரண்டையும் பிரித்து வரைபடமாக்குங்கள்.

இலைகள் தரையை மூடியபின், மரம் எவ்வளவு பருத்தாலும் குறியீடு பெரிதாக ஏறாது. அங்கே எல் அலைவரிசை ரேடார் கைகொடுக்கும்; அதன் நீண்ட அலைகள் இலைகளை ஊடுருவித் தண்டு, கிளைகளில் பட்டுத் திரும்பும். ஆனால் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறி மரத்தடியில் நீர் நின்றால் அந்த எதிரொலிப்பும் மாறும். படம் எடுத்த நேரத்து ஓத நிலையைக் கட்டாயம் பாருங்கள்.

களஅளவு இல்லாமல் எந்தக் கணக்கும் நிற்காது. வனத்துறை அனுமதி பெற்றுச் சேற்றில் இறங்குங்கள். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் அடியிலேயே பல தண்டுகளாகப் பிரியும், 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு தண்டின் சுற்றளவையும் தனித்தனியே குறியுங்கள். சேற்றிலிருந்து மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்களை மிதிக்காமல் நடங்கள்.