வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

அன்புள்ள ஐயா,

ஊட்டி முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தோம். அதில் தகடே இல்லை, வெறும் கம்பிகள்தான். இவ்வளவு இடைவெளி இருந்தும் அலை எப்படித் திரும்புகிறது? அதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள்? நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 1.5 மீட்டர் டிஷ் செய்து 21 செ.மீ. ஹைட்ரஜன் அலையைப் பிடிக்க முயல்கிறோம். ஒரு அங்குலக் கோழிவலை கையில் இருக்கிறது. போதுமா?

மின்னணுவியல் மாணவர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு அங்குல வலை போதாது. ஏன் என்பதற்கு முத்தோரையிலேயே விடை இருக்கிறது.

அந்தக் கருவி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 92 செ.மீ. அலை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் 0.38 மி.மீ. தடிமனுள்ள சுமார் 1100 எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இரு கம்பிகளுக்கு நடுவே மூன்று செ.மீ. கூட இல்லை. அலைநீளத்தில் முப்பதில் ஒரு பங்கு என்றால் அலைக்கு அது கிட்டத்தட்ட சுவர்தான். கணக்குப் போட்டால் மூன்று சதவீதம் அளவுக்கே கசிகிறது. காற்றோ தடையின்றிப் போய்விடும். நீலகிரிக் காற்றில் அவ்வளவு பெரிய தகட்டை நிறுத்த எத்தனை மடங்கு இரும்பு வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கம்பிகள் ஒரே திசையில் ஓடுவதால், அவற்றுக்கு இணையான மின்புலம் மட்டுமே திரும்பும். ஆகவே திரும்பிய அலை வந்து குவியும் கோட்டிலுள்ள 1056 டைபோல்களும் (அலையை வாங்கும் சிறு ஆன்டெனாக்கள்) அதே திசையில் கிடக்கின்றன.

சரிவைத் தேர்ந்ததுதான், இதை வடிவமைத்த ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம். மலை வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சாய்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. கிழக்கு மேற்காக ஒரே சுழற்சி போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப இரும்பை அசைக்கவே வேண்டாம், டைபோல்களின் கட்டத்தை (phase, அலையின் ஏற்ற இறக்க நிலை) மாற்றினால் போதும். நிலவு ஒரு விண்பொருளை மறைக்கும் கணத்தில் அதன் அளவைக் கணிப்பதுதான் நோக்கம். நிலவு போகும் பாதை முழுவதும் இந்தப் பார்வைக்குள் அடங்குகிறது. 1970-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை இப்படி அளந்தார்கள். அந்தக் கோண அளவுகள், பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருகிறது என்ற தரப்புக்கு வலுச் சேர்த்தன.

சிக்கலை எளிய வழியில் தீர்க்கும் இதே பிடிவாதம் ஸ்வரூப்பின் பணி முழுவதும் தெரியும். ஆஸ்திரேலியாவின் பாட்ஸ் ஹில்லில் இருந்த 1.8 மீட்டர் டிஷ்கள் 32-ஐ நன்கொடையாகப் பெற்று 1965-இல் மும்பை அருகே கல்யாணில் சூரியனை நோக்கி நிறுத்தினார். ஸ்டான்ஃபோர்டில் 1961 வாக்கில், வெயிலில் கேபிள் நீண்டு கட்டம் பிசகுவதைக் கண்டுபிடிக்க, சிக்னலை ஆன்டெனா வரை அனுப்பித் திரும்ப வாங்கி அளக்கும் முறையைச் சகாவோடு சேர்ந்து உருவாக்கினார். பின்னால் புணே அருகே கோடத் கிராமத்திலும் அதைச் சுற்றியும் 45 மீட்டர் டிஷ்கள் 30 எழுந்தபோது, பதினாறு வளைச்சட்டங்களுக்கு இடையே கயிற்றுக்கம்பி இழுத்து, அதில் மெல்லிய வலையைக் கட்டினார்கள். வலைக்கண் நடுவில் 10 மி.மீ., விளிம்பில் 20 மி.மீ.

இனி உங்கள் டிஷ். 21 செ.மீ. அலைக்கு ஒரு அங்குல வலை, 0.7 மி.மீ. கம்பி என்றால் கால் பங்கு அலை கசியும். இழந்த சிக்னலைவிட மோசமானது, அதே வழியாகப் பின்னாலிருந்து உள்ளே வரும் தரையின் வெப்பம். ரேடியோ இரைச்சலை வெப்பநிலையாகவே, கெல்வினில், அளப்பது வழக்கம். தரை சுமார் 300 கெல்வின், அதில் கால் பங்கு 75 கெல்வின். நல்ல எல்.என்.ஏ. (குறைந்த இரைச்சல் பெருக்கி) தானாகச் சேர்க்கும் இரைச்சலே 40, 50 கெல்வின்தான். அரை அங்குல வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போட்டால் கசிவு நான்கைந்து சதவீதத்துக்கு இறங்கிவிடும். கோழிவலையை அரை அங்குலத்தில் வாங்கினாலும் முறுக்கிய முடிச்சுகள் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். பற்றவைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையே நல்லது.

குவியத் தூரம் 60 செ.மீ. வையுங்கள், குழியின் ஆழம் 23.4 செ.மீ. வரும். சட்டங்கள் எட்டு மட்டும் வைத்தால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே வலை நேராக இழுபட்டு, விளிம்பில் சரியான வளைவிலிருந்து 3 செ.மீ. விலகும். பன்னிரண்டு வைத்தால் 1.3 செ.மீ. அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு செ.மீ., என்பதே நமக்கு எல்லை. விளிம்பைத் தவிர மற்ற இடங்களில் விலகல் அதற்கும் குறைவு, ஆகவே பன்னிரண்டு போதும்.

ஃபீடுக்கு, அதாவது குவியத்தில் அலையை வாங்கும் பகுதிக்கு, 15 செ.மீ. விட்டமும் 28 செ.மீ. நீளமும் உள்ள தகர டப்பா. பின்சுவரிலிருந்து 9.3 செ.மீ. தள்ளி, அலையை உள்வாங்க ஐந்து செ.மீ. செப்புக்கம்பி. பலர் இந்தத் தூரத்தை வெற்றுவெளி அலைநீளத்தின் கால் பங்காக, 5.3 செ.மீ. என்று வைத்துவிடுகிறார்கள். டப்பாக் குழாய்க்குள் அலை நீளும், 37 செ.மீ. ஆகிவிடும். அதன் கால் பங்குதான் வேண்டும்.

எல்.என்.ஏ.வை டப்பாவின் மேலேயே பொருத்துங்கள். அதற்கு முன்னால் கேபிளில் ஒரு டெசிபெல் போனாலே 75 கெல்வின் இரைச்சல் கூடும். வலையில் மிச்சம் பிடித்த அத்தனையும் அங்கே போய்விடும்.