அலகை விடுங்கள், பிடியைப் பாருங்கள்

கேள்வி: முதல் உலகப் போருக்குப் போன என் கொள்ளுத் தாத்தாவின் பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) வீட்டில் இருக்கிறது. அதில் ‘1907’ என்று பொறித்திருக்கிறது. அந்த ஆர்வத்தில் பழைய ராணுவக் கத்திகளையும் வேட்டைக் கத்திகளையும் வாங்கித் துரு நீக்கிப் புதுப்பித்து வருகிறேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் மான்கொம்புப் பிடி போட்ட, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த வேட்டைக் கத்தி கிடைத்தது. அதை விற்றுவிட்டு, இங்கிலாந்திலிருந்து கமாண்டோ கத்தி ஒன்றை வரவழைக்க ஆசை. பயோனெட்டுக்கு உரிமம் இல்லையென்றால் சிறைதான் என்கிறார் மாமா. உண்மையா? – வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: மாமாவின் பயம் பயோனெட்டைப் பற்றியது. எனக்குக் கவலை தருவது அந்த வேட்டைக் கத்தி.

பயோனெட்டை முதலில் முடித்துவிடுவோம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் வாள், பயோனெட், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. உங்களுடையதன் அலகு 17 அங்குலம் இருக்கும். ஆனாலும் துப்பாக்கியைப் போல இதற்கு எங்கும் உரிமம் தேவை என்றில்லை. ஆயுதச் சட்டம் 4ஆம் பிரிவில் அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் தேவை. அங்கே உரிமமின்றி வைத்திருந்தால் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. உங்கள் மாவட்டத்துக்கு அப்படி அறிவிக்கை உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

‘1907’ என்பது மாதிரியின் ஆண்டு. செய்த மாதமும் ஆண்டும் அதன் கீழே சிறிய எண்களில் இருக்கும். அந்த முத்திரைகளின் மேல் உப்புத்தாளை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கத்தியின் வயதுக்கு அவையே சாட்சி. நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

இனி வேட்டைக் கத்தி. வனவிலங்கின் கொம்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் வேட்டைச் சின்னம், அதாவது விலங்கின் உடலிலிருந்து வந்த பொருள். மான் எப்போது செத்தது, கொம்பு தானாக உதிர்ந்ததா, கத்தி எந்த நாட்டில் செய்தது என்ற விளக்கங்கள் உங்களைத் தாமாகக் காப்பாற்றிவிடாது. 57ஆம் பிரிவைப் பாருங்கள்: பொருள் உங்கள் கைவசம் இருந்தது நிரூபணமானால், அது சட்டவிரோதம் அல்ல என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இரும்புக் கடையில் ரசீதும் வாங்கியிருக்க மாட்டீர்கள். விற்பனைக்குப் படம் எடுத்துப் போட்டால் அந்தப் படமே வழக்கின் முதல் ஆவணம் ஆகிவிடும்.

அதற்காக இன்றே பதற வேண்டாம். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் மான்கொம்பு போலச் செதுக்கிய மாட்டெலும்போ, செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்கோதான் இருக்கும். எருமைக் கொம்பும் உண்டு. வளர்ப்பு மாடு, எருமையின் எலும்பும் கொம்பும் இந்தச் சட்டத்தில் வராது. விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மான்கொம்புதான் என்று உறுதியானால், பிடியைக் கழற்றி எறியாதீர்கள், யாருக்கும் பரிசாகவும் தராதீர்கள். குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் மூலமாகவே வனத்துறையை எழுத்தில் அணுகுங்கள். தந்தப் பிடி என்றால் நிலைமை இன்னும் கடுமை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை.

கமாண்டோ கத்தியின் அலகு 9 அங்குலத்துக்குக் குறைவுதானே என்று நினைப்பீர்கள். இறக்குமதிக்கு அந்தக் கணக்கு உதவாது. ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு எந்த ஆயுதத்தையும் உரிமமின்றி நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கிறது. குத்துவதற்கென்றே செய்த இருபுறக் கூர்க்கத்தியை வீட்டு உபயோகப் பொருள் என்று சுங்கத்துறையிடம் வாதாட முடியாது. பார்சலோடு பணமும் போகும், அபராதமும் விழும். ஆர்டர் செய்யாதீர்கள்.

இனி எது வாங்கினாலும் விற்றவரின் பெயர், தேதி, விலை எழுதிய ரசீது வாங்குங்கள். ராணுவக் கிடங்கிலிருந்து திருடியது என்று ஒரு பொருள் பிடிபட்டால் உங்களைக் காக்க அந்தத் தாள்தான் இருக்கும்.