மகனுக்குக் கை ஓடவில்லை: சோம்பலா, வருத்தமா?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, தரம் 3. பலகையில் உள்ளதைக் கொப்பியில் எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறா, சட்டைத் தெறி பூட்ட இன்னும் அம்மா வேண்டும், பந்து கையில் நிற்காது, அடிக்கடி தடக்கி விழுகிறான், ஆனால் வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். "சோம்பேறி என்கிறார்கள் டொக்டர், என்ன சோதனை செய்யலாம்?"

அம்மா, அந்தச் சொல்லை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடாக, அதாவது கை கால்களை நினைத்தபடி சேர்த்து இயக்கச் சிரமப்படும் நிலையாக, இருக்கலாம். நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு இது இருக்கிறது, புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரத்தத்திலோ ஸ்கானிலோ தெரியாது, பிள்ளையைச் செய்யவிட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

எம்-ஏபிசி என்றொரு சோதனை உண்டு. எட்டுச் சின்ன வேலைகள், அரை மணித்தியாலம் போல எடுக்கும். இவன் வயதுக்கு, துளைகளில் குச்சி செருகுவது, நாடா கோர்ப்பது, கோட்டுக்குள் பென்சில் ஓட்டுவது, பந்து பிடிப்பது, குதிக்காலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது, கெந்துவது என்று போகும். நேரத்தைக் குறிப்பதோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு செய்கிறானா, மற்றக் கையும் சேர்ந்து முறுகுகிறதா என்றும் நாங்கள் பார்ப்போம். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் கடைசி ஐந்துக்குள் வந்தால் சிக்கல் இருக்கிறது, அதற்கு மேலே உள்ள பத்துப் பேருக்குள் என்றால் கவனித்துவர வேண்டும். ஆனால் அந்த அளவுகள் பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து எடுத்தவை, வரம்பில் நடந்து வளர்ந்த எங்கள் பிள்ளை சமநிலையில் முந்தலாம், சப்பாத்து நாடாவே கட்டியிராதவன் கோர்ப்பதில் பிந்தலாம். அதனால் புள்ளியை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன். வீட்டிலும் வகுப்பிலும் எது முடியவில்லை என்று இரண்டு கிழமை எழுதி வையுங்கள், அது எனக்குப் பெரிய உதவி.

அப்புறம் இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். பாயில் இருத்திவிட்டு எழும்பச் சொல்லுங்கள். தொடையில் கையை ஊன்றி ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுவதுபோல எழும்பினால் அது வேறு கதை, தசை நோயாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை, ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றாலும் அப்படித்தான். கண்ணையும் பார்க்க வேண்டும், பலகை தெரியாமல் எழுத்துப் பிந்தும் பிள்ளைகளும் உண்டு.

தரம் 4இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்தான், அதுவரை காத்திருக்க வேண்டாம். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்ச் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே எது முடியவில்லையோ அதையே துண்டு துண்டாகப் பழக்குவார்கள். நீங்களும் தொடங்கலாம்: தெறியை மேலிருந்து நீங்கள் பூட்டி, கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் விடுங்கள், அது பழகியதும் இரண்டு. டீச்சரிடம் அரைவாசி எழுதினால் போதும் என்று கேட்டுப் பாருங்கள், புலமைப்பரிசிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

போகும்போது பிறந்த காலத்து கிளினிக் கொப்பியையும் இந்த வருடப் பாடசாலைக் கொப்பி இரண்டையும் எடுத்துப் போங்கள். மாதம் முந்திப் பிறந்தவன் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.