ஊதியச் சட்டத்துக்கான மாநில விதி வரவில்லை என்று சொல்லி, ராஜினாமா செய்தவரின் கடைசிச் சம்பளத்தை ஹெச்ஆர் 45 நாள் நிறுத்தலாமா?

நிறுத்த முடியாது. ராஜினாமா செய்தவரின் சம்பள பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பது 2019 ஊதியச் சட்டத்தொகுப்பின் 17(2) பிரிவிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் உள்ளது; தமிழக விதிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஹெச்ஆர் சொல்லும் 45 நாள் அநேகமாகப் பழைய நியமனக் கடிதத்தில் உள்ள வாசகம். விதி வரவில்லை என்பது வசதியான சாக்கு, அவ்வளவுதான்.

இந்தச் சட்டப்படி உங்கள் நிறுவனத்துக்கு உரிய அரசு மத்திய அரசா, மாநில அரசா என்று முதலில் பாருங்கள். வங்கி, சுரங்கம், தொலைத்தொடர்பு என்றால் மத்திய அரசு; மற்ற தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் மாநிலம். புகார் போகுமிடம் அதைப் பொறுத்தது. அப்புறம், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஒன்று மட்டும்: 17(3)-இன்படி அந்த அரசு வேறு காலக்கெடு வைக்கலாம். அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனிக் கணக்கு, அதைத் தர 30 நாள் அவகாசம்.