33550336: கையால் சரிபார்க்க முடியுமா?

கேள்வி: 33550336 ஒரு செவ்விய எண், அதாவது தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் அதே எண் வரும் என்று என் மகன் சொன்னான். காரணிகளைக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பாதியிலேயே கணக்கு தப்பிவிட்டது. இதைக் கையால் சரிபார்க்க வழி உண்டா? இது முக்கோண எண்ணும்கூட (1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டினால் கிடைப்பது) என்கிறானே, ஒரே எண் இரண்டு வகையிலும் வருமா?

பதில்: வழி உண்டு. கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. நானும் முதல்முறை 25 காரணிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதித்தான் கூட்டினேன். இரண்டு முறை கூட்டியதில் இரண்டு விடை வந்தது. அப்புறம்தான் எண்ணை முதலில் உடைக்க வேண்டும் என்று புரிந்தது.

2 ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 12 முறை வகுபட்டு, 8191 மிஞ்சும். ஆக, நம் எண் 4096 × 8191. இந்த 8191 ஒரு பகா எண். எனவே காரணிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். முதல் கூட்டம் 1, 2, 4 என்று இரட்டித்து 4096 வரை போகிறது. இப்படி இரட்டிக்கும் வரிசையின் கூடுதல், அடுத்து வரவேண்டிய எண்ணைவிட எப்போதும் 1 குறைவு. அடுத்தது 8192, எனவே கூடுதல் 8191. அதே 8191!

இரண்டாவது கூட்டம் 8191-இன் 1, 2, 4 … 2048 மடங்குகள். மொத்தம் 4095 மடங்கு. முதல் கூட்டம் தந்த ஒரு மடங்கையும் சேர்த்தால் 4096 மடங்கு. அதுதானே நம் எண்? எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சி குறைவதே இல்லை.

8191 பகா எண்ணாக இருப்பதுதான் இதன் உயிர். 1024 × 2047-ம் பார்வைக்கு இதே அமைப்புதான். ஆனால் 2047 = 23 × 89. வேறு காரணிகளும் உள்ளே வந்து கூட்டுத்தொகை எண்ணைத் தாண்டிவிடும். அது மிகை எண். 6, 28, 496, 8128 என்று ஓரிலக்கம், ஈரிலக்கம், மூவிலக்கம், நான்கிலக்கத்தில் ஒவ்வொன்றாக வந்த வரிசை, ஐந்தாவதில் எட்டு இலக்கத்துக்குத் தாவுவது இதனால்தான். பகா எண் அமைந்தால் இந்த அமைப்பு செவ்விய எண்ணைத் தரும் என்று நிறுவியவர் பண்டைக் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இந்த அமைப்பில்தான் வரும் என்று பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நிறுவியவர் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் ஆய்லர். ஒற்றைப்படையில் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

முக்கோண எண் பற்றி உங்கள் மகன் சொன்னதும் சரி. 1 முதல் 8191 வரை கூட்டினால் 8191 × 8192 ÷ 2, அதுவும் 33550336தான். வகைகள் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

அவனிடம் இன்னொன்றும் கொடுங்கள். 28 = 1³ + 3³. 496 = 1³ + 3³ + 5³ + 7³. இதேபோல ஒற்றைப்படை எண்களின் கனங்களை 127³ வரை கூட்டினால் நம் எண் வரும். 6-க்கு மட்டும் இது பொருந்தாது.