வேகமும் இழுவையும்

அண்ணா, வணக்கம்.

நீங்கள் சிபாரிசு செய்திருந்த டிஸ்எம்பவல்மென்ட் குழுவின் 'டிரான்சென்டென்ஸ் இன்டு த பெரிஃபெரல்' (1993) அல்பத்தைத் தேடிப் பிடித்து இரண்டு தரம் கேட்டேன். டெத் மெட்டல் என்கிற உறுமல் குரல் ராக் இசை எனக்குப் புதிதில்லை. ஆனால் இதில் கொஞ்ச நேரம் கிரைண்ட்கோர் என்ற வகையின் வெறிவேகம், உடனே டூம் என்ற வகையின் இழுவை, நடுவில் மெல்லிய கிற்றார். வீட்டில் மிஞ்சிய கறியை எல்லாம் ஒரே சட்டியில் கொட்டியதுபோல் இருக்கிறது. நீங்கள் இதில் எதைக் கண்டீர்கள்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

இரண்டு தரம் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். எனக்கு அந்தச் சீடி மெல்பேர்ணில் இருக்கிற மச்சான் மூலம் வந்தது. குழுவும் அந்த ஊர்தான். முதல் தரம் போட்டபோது குசினியில் நின்ற அம்மா, "தம்பி, உள்ளுக்கு ஆர் சத்தி எடுக்கிறது?" என்று ஓடிவந்தா.

சட்டிக் கறி என்றீர்கள். சரி, ஆனால் அந்தக் கறிகள் ஒன்றுக்கொன்று சொந்தம். டூமின் வேர் பிளாக் சபத் என்ற இங்கிலாந்துக் குழு. அதன் கிற்றார்காரர் டோனி அயோமி இடக்கைக்காரர். 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் தந்தி அழுத்தும் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். நோகாமல் வாசிக்க மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தத் தொங்கல் கனம் அப்படி வந்தது. கிரைண்ட்கோருக்கு அடி போட்டது நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' அல்பம், 1987. 28 பாட்டு, எல்லாம் சேர்த்து 33 நிமிடம் அளவில் முடிந்துவிடும். இரண்டு குழுவும் பேர்மிங்ஹாம் பக்கத்து ஆட்கள். ஆக மிக மெதுவானதும் மிக வேகமானதும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். மெல்பேர்ண்காரர் அவற்றை ஒரு வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள், அவ்வளவுதான்.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நின்று கேட்டிருப்பீர்கள். சாமி புறப்படும்போது மல்லாரி. அதில் திரிகால மல்லாரி என்று ஒன்று உண்டு: தாளம் அசையாமல் நிற்கும், நாதசுரம் அதே உருப்படியை மூன்று கால வேகத்திலும் வாசிக்கும். வேகம் கூடக் கூட நமக்கு ரத்தம் ஏறும். இந்த அல்பம் அந்தப் படியைத் தலைகீழாக இறங்குகிறது. படி என்றுகூடச் சொல்ல முடியாது, சுவாமி மலையின் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவில் நின்று கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி. முதல் பாட்டில் டிரம்ஸ் மூச்சுமுட்ட ஓடிவிட்டு விழும் இடத்தில், அடுத்த அடி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். காது இன்னும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. நீங்கள் சொன்ன அந்த மெல்லிய கிற்றார் எதிரொலியோடு வருவது அந்த வெறுமைக்குள்தான். தொடக்கத்திலிருந்தே மெதுவாக வாசித்திருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

இணைப்புகள் சில இடங்களில் முரடாக இருப்பது உண்மை. மூன்றாவது பாட்டைத் தூக்கிவிட்டாலும் எனக்குக் குறையில்லை. அந்த மாதிரிப் பாட்டை மற்றக் குழுக்களும் அந்த நாட்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு தரம் கேட்பதென்றால் ஐந்தாவதில் தொடங்குங்கள். 14 நிமிடத்துக்கு மேல் போகும். அதன் பெயர் கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியரின் ஒரு படத்திலிருந்து வந்தது: சாதாரண ஊர்ச் செத்தவீடு ஒன்றை, அரசர்களுக்கு வரைகிற அளவில், ஆறு மீற்றருக்கு மேல் அகலமாக வரைந்த படம். நம் ஊரில் பறைமேளத்துக்குப் பின்னால் சுடலைக்கு நடந்தவனுக்கு அந்த நடையை விளக்கத் தேவையில்லை. கனக்கக் கதைக்காமல் கேளுங்கள்.

போனில் கேட்டிருந்தால் அதையும் விடுங்கள், அடி ஸ்தாயி முழுக்கப் போய்விடும். சீடி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போங்கள். பெட்டி உடைந்துவிட்டது, தட்டுக்கு ஒன்றுமில்லை.