டப்பா வீடு தேடி வந்தால்: பெருங்குடல் பரிசோதனை, கேள்வி பதில்

அமெரிக்காவில் குடல் மருத்துவப் பிரிவு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தவர்களைப் போனில் பிடித்து, தேதி வாங்கி, அவர்கள் வந்து போகும்வரை கூடவே நிற்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

எடிசனிலிருந்து: அக்கா, என் கணவருக்கு 47 வயது. "எந்தத் தொந்தரவும் இல்லாமல் யார் போய் இதெல்லாம் செய்கிறார்கள்?" என்கிறார். உண்மையில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

2021 கணக்குப்படி, அமெரிக்காவில் 45 வயதைக் கடந்தவர்களில் 59 சதவீதம் பேர் ஏதாவது ஒரு சோதனையை உரிய காலத்தில் முடித்திருந்தார்கள். உங்கள் கணவரின் வயதுக்காரர்களில், அதாவது 45 முதல் 49 வரை, ஐந்தில் ஒருவர்தான். USPSTF என்கிற தேசிய நிபுணர் குழு தொடங்கும் வயதை 50இலிருந்து 45க்குக் குறைத்ததே அந்த ஆண்டு மே மாதம்தான், அதனால் அந்த எண் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் மற்ற எண்களையும் பாருங்கள். ஆசியர்களில் 50 சதவீதம். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகாதவர்களில் 29. இன்சூரன்ஸ் இல்லாதவர்களில் 21. அந்த 29ஐப் பார்க்கும்போது எனக்கு நம் ஆட்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

தொந்தரவு இல்லாதபோது செய்வதுதான் ஸ்கிரீனிங். பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி புற்றாக மாறப் பல வருடங்கள் ஆகும், அதுவரை பெரும்பாலும் வலியே இருக்காது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

டல்லாஸிலிருந்து: மலத்தைக் கொஞ்சம் எடுத்து அனுப்பும் சோதனை போதுமா? கொலோனோஸ்கோப்பிதான் சரி என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொலோனோஸ்கோப்பி என்பது மயக்க மருந்து கொடுத்து, கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. பாலிப்பைக் கண்டுபிடித்து அப்போதே வெட்டி எடுப்பதில் அதற்கு ஈடில்லை. எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்தது பத்து வருடம் கழித்துத்தான். ஃபிட் என்கிற மலச் சோதனை கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுகிறது. அதை வருடா வருடம் செய்ய வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு மறந்தால் பலனில்லை.

ஆனால் எது சிறந்தது என்பதோடு எது நடக்கும் என்றும் கேட்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 997 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். கொலோனோஸ்கோப்பி மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் ஒரு வருடத்துக்குள் செய்துகொண்டார்கள். மலச் சோதனை மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 67 சதவீதம். "இரண்டில் உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்று விட்டபோது 69. பேதி மருந்து, ஒரு நாள் லீவு, மயக்கம் தெளியாமல் கார் ஓட்டக் கூடாது என்பதால் கூட்டிப்போக ஓர் ஆள், இத்தனையும் ஏற்பாடு செய்ய முடியாமல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்கிற இன்சூரன்ஸ், மருத்துவமனை அமைப்பு, வீட்டிலேயே மல மாதிரி எடுத்து அனுப்புவதற்கான ஃபிட் டப்பாவை ஒவ்வொரு வருடமும் தபாலில் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. 2000இல் 39 சதவீதமாக இருந்த பரிசோதனை அளவு 2015இல் 83ஐ நெருங்கியது. இந்தப் புற்றால் இறப்பவர்களின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனது நிறைந்துவிடும்.

அட்லாண்டாவிலிருந்து: கறுப்பின மக்கள் குறைவாகவே வருகிறார்களாமே, அவர்களுக்கு அக்கறை இல்லையா?

இல்லை, வழிதான் இல்லை. டெலவேர் மாநிலம் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்குப் பணம் கட்டியது, கைப்பிடித்து அழைத்துப்போக நர்ஸ்களை அமர்த்தியது. 2002இல் 48 சதவீதமாக இருந்த கறுப்பின மக்களின் பரிசோதனை அளவு 2009இல் 74 ஆனது. வெள்ளையர் அளவும் அதே 74. ஏழே வருடத்தில்.

சியாட்டிலிலிருந்து: கொலோனோஸ்கோப்பியால் பெரிய பயனில்லை என்று 2022இல் செய்தி வந்ததே?

அது போலந்து, நார்வே, ஸ்வீடனில் நடந்த ஆய்வு. அழைப்பு அனுப்பப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்து செய்துகொண்டார்கள். பத்து வருடத்தில் புற்று 18 சதவீதம் குறைந்தது என்ற கணக்கில், அழைத்தும் சோதனைக்கு வராதவர்களும் சேர்த்தி. அழைப்பு மட்டும் அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதையே அது அளந்தது.

சிகாகோவிலிருந்து: ரத்தச் சோதனையே வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது, 2024 ஜூலையில் ஷீல்டு என்கிற ரத்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. புற்று இருந்தால் நூற்றில் 83 பேரிடம் பிடிக்கும். ஆனால் முற்றிய பாலிப் இருப்பவர்களில் 13 பேரிடம்தான். மற்ற எதையும் செய்ய மாட்டேன் என்பவருக்கு இது பரவாயில்லை.

ஹூஸ்டனிலிருந்து: மாமனாருக்கு ஃபிட் பாசிட்டிவ். "எனக்கு மூலம் இருக்கிறது, அந்த ரத்தம்தான்" என்று மேற்கொண்டு போக மறுக்கிறார்.

மூலமாகவே இருக்கலாம். உள்ளே பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். பாசிட்டிவ் வந்து பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றும், முற்றிய நிலைப் புற்றும் அதிகம் இருந்ததைக் கைசர் கணக்குகளே காட்டின. செலவை நினைத்துத் தயங்கினால், மெடிகேர் என்கிற முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ் 2023இலிருந்து, ஃபிட் பாசிட்டிவ் வந்தபின் செய்யும் கொலோனோஸ்கோப்பியையும் ஸ்கிரீனிங்காகவே ஏற்கிறது. ஐயாவிடம் மகனைப் பேசச் சொல்லுங்கள். மருமகள் சொல்லக் கூச்சமான விஷயம் இது.

சான் ஹோசேயிலிருந்து: மதுரையில் அம்மாவுக்கு 62 வயது. அங்கே இப்படித் திட்டம் உண்டா?

இந்தியாவின் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்குத்தான் பரிசோதனை. அங்கே பெருங்குடல் புற்று அமெரிக்காவைவிடக் குறைவு. ஆனால் அம்மாவின் உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ வந்திருந்தால், அல்லது மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, எடை குறைவு இருந்தால், ஸ்கிரீனிங் என்று யோசிக்காமல் நேராகக் குடல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

ராலியிலிருந்து: ஃபிட் டப்பா வந்து எட்டு மாதமாக அலமாரியில் கிடக்கிறது. இப்போது செய்யலாமா?

சரி, முதலில் டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் டாக்டர் ஆபீஸுக்கு ஒரு போன், வேறு அனுப்புவார்கள். மாதிரி எடுத்த தேதியைக் குழாயின் லேபிளில் எழுதுங்கள். அது இல்லாமல் லேப் திருப்பிவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், வாரத் தொடக்கத்தில் எடுத்து அன்றே தபாலில் போட்டுவிடுங்கள்.